துணைக்கு ஆளில்லாமல் நாயைக் குளிப்பாட்டலாமா? கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: எனக்கு வயது 62. பாளையங்கோட்டையில் தனியாக வசிக்கிறேன். என்னிடம் 6 வயதான லாப்ரடார் ஆண் நாய் இருக்கிறது. எடை 32 கிலோ. இதுவரை பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக்கொள்ள, நான் குளிப்பாட்டி வந்தேன். பையன் படிப்புக்காக வெளியூர் போய்விட்டான். சென்ற மாதம் தனியாகக் குளிப்பாட்டியபோது ஜிம்மி குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். அவனை இழுத்துப் பிடித்ததில் என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இப்போது வாளியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறான். வாரம் ஒருமுறை கிருமிநாசினி கலந்த தண்ணீரில், நான் தேய்த்துக்கொள்ளும் சோப்பையே போட்டுக் குளிப்பாட்டுவது வழக்கம். ஆனாலும் மூன்றே நாளில் நாற்றம் வந்துவிடுகிறது, உண்ணியும் இருக்கிறது. மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து ஊற்றும்படி சிலர் சொல்கிறார்கள். என்னால் தனியாகச் சமாளிக்க முடியுமா, டாக்டர்?

பதில்: அன்புள்ள அம்மா, முடியும். ஆனால் இருவர் சேர்ந்து செய்த அதே முறையில் ஒருவர் செய்ய முடியாது. பையன் பிடித்துக்கொண்டிருந்தவரை ஜிம்மிக்குக் குளியல் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. அவன் நகர முடியாமல் நின்றான், வேலை முடிந்தது. 32 கிலோ எடையுள்ள நாயை இனி உங்கள் கைப்பலத்தால் நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் கூடாது. அவனாகவே நிற்கும்படி இடத்தையும் பொருள்களையும் பழக்கத்தையும் மாற்றியமைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை குளிப்பாட்டாமல் விடுவதால் அவனுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வழுக்கி விழுந்தபின் ஜிம்மி பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறானா, உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்காருகிறானா, படியேறத் தயங்குகிறானா என்று கவனியுங்கள். லாப்ரடார்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவதும் இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அதிகம் வருகின்றன. ஈரமான டைல்ஸ் தரையில் கால்கள் அகன்று வழுக்குவது இரண்டையும் மோசமாக்கும். இந்த அறிகுறிகளில் ஏதேனும் தெரிந்தால், குளியலைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி இருக்கும் இடத்தில் கை படுவதனால்கூட நாய் குளியலை வெறுக்கலாம்.

அடுத்தது, வாராந்திரக் குளியலை நிறுத்துங்கள். தோல் நோய் இல்லாத லாப்ரடாருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குளியல் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாட்டு இனங்களுக்கு அதைவிடவும் குறைவாகவே தேவைப்படும். லாப்ரடாரின் உடலில் வெளியே முரட்டு முடியும், அதன் அடியில் அடர்ந்த மென்முடியுமாக இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை இந்த முடியில் பரவி, கூரை ஓலையைப் போல் நீரை வழியவிட்டுத் தோலைக் காக்கிறது. வாரந்தோறும் சோப்புப் போட்டு அதை அகற்றினால் தோல் வறண்டு, அரித்து, சொறியும் இடங்களில் கிருமிகள் பெருகி, நீங்கள் போக்க நினைக்கும் நாற்றமே கூடிவிடும்.

சோப்பும் பொருத்தமானதல்ல. மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5. நாயின் தோலோ நடுநிலையான 7-ஐ ஒட்டியது. நாம் தேய்த்துக்கொள்ளும் சாதாரண சோப்புக்கட்டிகள் 9 முதல் 10 வரை காரத் தன்மை கொண்டவை. அதோடு, நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. எனவே நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட, மணம் குறைந்த ஷாம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கிருமிநாசினியை அடியோடு விட்டுவிடுங்கள். அது தோலைப் பொசுக்கும், நாய் தன்னை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். கற்பூரம், மண்ணெண்ணெய், ஃபினாயில், டீ ட்ரீ எண்ணெய் ஆகியவற்றை யார் சொன்னாலும் நாயின் மேல் பூசாதீர்கள். இவை தோல் வழியாகவே உடலுக்குள் சென்று நஞ்சாகக் கூடியவை.

மூன்று நாளில் திரும்பி வரும் நாற்றத்துக்குக் குளியல் தீர்வாகாது, அதற்கு ஓர் இருப்பிடம் இருக்கும். ஜிம்மியின் காது மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த மாவின் வாடை வந்தாலோ, பழுப்பு நிற அழுக்கு சேர்ந்திருந்தாலோ, அது பெரும்பாலும் காதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ பெருகியதன் அடையாளம். பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லையும் ஈறையும் பாருங்கள். கால் விரல் இடுக்குகளையும், வாலுக்கு அடியையும் பாருங்கள். மீன் வாடை அடித்து, அவன் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், ஆசனவாயின் இருபுறமும் உள்ள சிறு சுரப்பிகள் நிறைந்திருக்கலாம். அவற்றை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம். மருத்துவமனையில் அது சில நிமிட வேலை.

இனி இடம். உங்கள் வீட்டில் பின்கட்டில் துணி துவைக்கும் இடம் சொரசொரப்பான சிமெண்டுத் தரையாக இருந்தால், டைல்ஸ் போட்ட குளியலறையைவிட அதுவே நல்லது. வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டு மணியை ஒட்டி, நிழல் விழும் மூலையைத் தேர்ந்துகொண்டு, வெளிக்கதவைத் தாழிட்டுவிடுங்கள். குளியலறைதான் வசதி என்றால், தரையில் ரப்பர் விரிப்போ, நனைத்து விரித்த சணல் சாக்கோ போடுங்கள். நான்கு கால்களும் ஊன்றி நிற்க முடிகிறது என்று தெரிந்த நாய் பாதி அமைதியாகிவிடும். மிரண்டு ஓடும் நாய்களில் பல, தண்ணீருக்குப் பயந்து ஓடுவதில்லை. கால் நழுவுவதற்குப் பயந்தே ஓடுகின்றன. ஜிம்மியும் அப்படிப்பட்டவன் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கட்டிலுக்கு அடியில் புகுந்தவனை இழுத்து வராதீர்கள். ஒளிந்திருக்கும் நாயைக் கையை நீட்டி இழுப்பது கடி வாங்குவதற்கான நேர்வழி. அதற்குப் பதிலாக, இன்றிலிருந்து அவனுடைய சோற்றுத் தட்டைக் குளிப்பாட்டப்போகும் இடத்தில், விரித்த சாக்கின்மேல் வையுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். தண்ணீர் வேண்டாம், வாளியும் வேண்டாம். தயங்காமல் வந்து சாப்பிடும் நிலை வந்தபின், காலி வாளியை ஓர் ஓரமாக வையுங்கள். அதற்கும் பழகியபின் அவன் சாப்பிடும்போது குழாயைச் சற்றே திறந்து தண்ணீர் விழும் ஓசையைக் கேட்கவிடுங்கள். பிறகு ஒரு நாள் முன்னங்கால்களை மட்டும் நனைத்து, ஒரு கோழித்துண்டைக் கொடுத்து, துடைத்து அனுப்பிவிடுங்கள். அவன் உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டாலோ, வாலை இடுக்கிக்கொண்டாலோ, கண்ணின் வெள்ளைப்பகுதி தெரியப் பக்கவாட்டில் பார்த்தாலோ, அன்றைய பாடம் சற்று அதிகமாகிவிட்டது என்று பொருள். மறுநாள் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். உறுமினால் அதட்ட வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்க நேரிடும். இந்த வாரங்களில் உடம்பு அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றிவிடுவதே போதும்.

குளிப்பாட்டும் நாளில், நாயைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியாகச் செய்பவர் நடுவில் எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்துவர முடியாது என்பதால், இதில் எந்தச் சுருக்குவழியும் இல்லை. இரண்டு வாளி நிறைய நீர், ஒரு பிளாஸ்டிக் குவளை, ஷாம்பு, இரண்டு பெரிய பருத்தித் துண்டுகள், முகம் துடைக்க ஒரு சிறு துணி, பஞ்சு, தின்பண்டம், நீங்கள் உட்கார ஒரு குட்டை முக்காலி, இவ்வளவும் போதும். தண்ணீர் உங்கள் முழங்கையில் பட்டால் சூடும் குளிரும் தெரியாத அளவில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் முதல் தண்ணீர் கொதிநீருக்கு ஒப்பாக இருக்கும். குழாயைத் திறந்து சிறிது நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தபின் பிடியுங்கள். வாளிக்குள் போட்டுச் சூடாக்கும் மின்கம்பியைப் பயன்படுத்துபவராயின், வேறு அறையில் சூடாக்கி, இணைப்பைப் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வாளியைக் கொண்டுவர வேண்டும். நாய் இருக்கும் ஈரத்தரையில் அது இருக்கவே கூடாது.

நனைப்பதற்கு முன் உலர்ந்த உடம்பை நன்றாகச் சீவிவிடுங்கள். உதிரும் முடியில் பெரும்பகுதி அப்போதே வந்துவிடும்; உண்ணி எங்கெங்கே இருக்கிறது என்பதும் தெரியும். சிக்கை எடுக்காமல் நனைத்தால் அது இறுகி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காதுகளில் சற்றுப் பெரிய பஞ்சு உருண்டையை மேலோட்டமாக வைத்து அடையுங்கள், குளியல் முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நாயின் காதுக்குழாய் கீழிறங்கிப் பின் உட்புறமாக வளைவது; தொங்கும் காது உள்ள லாப்ரடாருக்கு உள்ளே போன நீர் எளிதில் உலராது.

கட்டும் விதத்தில் எச்சரிக்கை வேண்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம்; மார்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டையே ஏற்றது. அதன் கயிற்றை ஜன்னல் கம்பியில், நுனியை இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள். அவன் நிற்கவும் தலையைத் திருப்பவும் முடியும், ஆனால் சுற்றித் திரும்ப முடியாது என்ற அளவில் நீளம் இருக்கட்டும். குழாயில் கட்டினால் குழாய் பெயர்ந்துவிடும். உங்கள் கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொண்டால் அவன் பாயும்போது உங்களையும் இழுத்துச் சாய்த்துவிடுவான். அவன் மூக்குக்கு நேராகச் சுவரில் கொஞ்சம் கெட்டித் தயிரையோ மசித்த வாழைப்பழத்தையோ பூசிவிடுங்கள். அவன் அதை நக்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது கை. வேர்க்கடலை வெண்ணெய் பூசுவதானால், சைலிட்டால் என்ற இனிப்பு கலக்காததா என்று லேபிளைப் பாருங்கள். நாய்க்கு அது கொடிய விஷம்.

அவனுக்கு முன்னால் நின்று குனியாதீர்கள். அவனுக்கும் கதவுக்கும் நடுவிலும் உட்காராதீர்கள். பக்கவாட்டில் முக்காலியில் அமர்ந்து, சுளுக்கிய கையின் மணிக்கட்டுக்குச் சுமை வராமல், முன்கையை மட்டும் அவன் மார்புக்கு முன்னால் அணைத்தாற்போல் வையுங்கள். அவனை இறுக்கிப் பிடிப்பதற்காக அல்ல, அவன் நகரப் போவதை உங்கள் முன்கை முதலில் உணர்வதற்காகத்தான். குவளையின் விளிம்பை அவன் உடம்பின்மேல் ஒட்டவைத்து மெல்லச் சாய்த்தால், நீர் சத்தமும் தெறிப்பும் இல்லாமல் முடிக்குள் இறங்கும். உயரத்திலிருந்து ஊற்றும் நீரின் ஓசையும் அடியும்தான் நாயை அதிகம் மிரட்டுகின்றன. பின்முதுகில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். தலையில் ஊற்றவே வேண்டாம். வெளிமுடி நீரை வழியவிட்டுவிடும் என்பதால், அடிமுடி வரை நனைந்ததா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாம்புவை நேராக ஊற்றாமல், குவளையில் சிறிது எடுத்து ஏறத்தாழ பத்து மடங்கு நீர் கலந்துகொண்டால் சீராகப் பரவும், அலசுவதும் எளிது. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போடுங்கள். நனைந்த தெள்ளுப்பூச்சிகள் காதையும் முகத்தையும் நோக்கி ஓடுவதை அது ஓரளவு தடுக்கும். பிறகு முடி படிந்திருக்கும் திசையிலேயே, நகம் படாமல் விரல் நுனிகளால் தேய்த்து, அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, வாலடி என்று மறைவிடங்களுக்குச் செல்லுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்ப்பது ஆபத்தானது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அலசுவதற்கு, தேய்த்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியும் நீர் தெளிந்து, முடி விரலில் வழவழக்காமல் இருந்தால்தான் ஷாம்பு முழுவதும் போயிருக்கிறது. முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கண்ணில் நுரை பட்டுவிட்டால் சுத்தமான நீரைத் தாராளமாக விட்டுக் கழுவுங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மருந்து ஷாம்புவாக இருந்தால் இதில் இருமடங்கு கவனம் வேண்டும். அது கருவிழியின் மேலுள்ள தெளிவான படலத்தைப் புண்ணாக்கும்.

நாய் உடம்பை உதறுவது எப்போதும் தலையிலிருந்தே தொடங்கும். அதனால் உதறப் போகிறான் என்று தெரிந்ததும் ஒரு கையால் அவன் தாடையை மென்மையாகத் தாங்கிக்கொண்டால் உதறல் நின்றுபோகும். துண்டை அவன்மேல் போர்த்தியபின் கையை எடுத்து, ஆசை தீர உதறவிடுங்கள். துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுங்கள். அடிமுடி ஈரமாகவே இருந்தால் லாப்ரடாரின் கன்னத்திலும் பிட்டத்திலும் ஒரே இரவில் கசியும் சிவந்த புண் வருவதுண்டு. ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் மட்டும் பயன்படுத்தலாம். சத்தத்துக்கு மிரண்டால் மின்விசிறி போதும்.

நடுவில் அவன் பொறுமையிழந்து முரண்டினால், போட்ட நுரையை மட்டும் அலசிவிட்டு நிறுத்திவிடுங்கள். முதுகு மட்டும் இன்று, வயிறும் காலும் அடுத்த வாரம் என்று பிரித்துச் செய்வதில் குறை ஒன்றும் இல்லை. ஆளில்லாமல் குளிப்பாட்டுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதுதான். முழுக் குளியலை முடித்தே தீருவது என்று மல்லுக்கட்டினால், அதுவரை பழக்கியதெல்லாம் வீணாகிவிடும். பல்லோ நகமோ பட்டு உங்களுக்குக் காயம் ஏற்பட்டால், அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உண்ணி விஷயத்தில் என் பதில் உறுதியானது: மாட்டு மருந்து வேண்டாம். மாட்டுக்கான அமிட்ராஸ், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை மிகச் செறிவானவை. மூடியால் அளந்து கலக்கும்போது அளவு தவறினால் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். அமிட்ராஸ் மிகுந்தால் நாய் சோர்ந்து, இதயத்துடிப்பு குறைந்து, உடல் குளிர்ந்து, இரத்தச் சர்க்கரை ஏறும். மூடிய குளியலறையில் கையுறை இல்லாமல் அதை ஊற்றும் உங்களுக்கும் அந்த நஞ்சு சேரும். வீட்டில் பூனை இருந்தால், பிந்தைய இரண்டு மருந்துகளும் அதன் உயிரையே பறிக்கக்கூடும். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணியில், இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அதனால் நாயை மட்டும் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் உண்ணி தீராது. பிடரியில் விடும் சொட்டு மருந்தோ, மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரையோ உங்கள் மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளித்தபின் இரண்டு மூன்று நாட்கள் அவனைக் கவனித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் குளித்த லாப்ரடாரின் வால் சில சமயம் அடியோடு துவண்டு தொங்கும். வால் அடித்தசையில் ஏற்படும் பிடிப்பு அது, ஓய்வில் சில நாட்களில் சரியாகும், வலி மிகுந்தால் மருந்து தேவைப்படும். இன்னொன்று அரிதானாலும் கடுமையானது. நீர் கலந்து மீந்த ஷாம்புவைப் பாட்டிலில் வைத்திருந்து அடுத்த முறை பயன்படுத்தும்போது, அதில் வளர்ந்திருக்கும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், எதிர்த்திசையில் தேய்த்ததால் காயப்பட்ட மயிர்க்கால்களுக்குள் புகுந்துவிடும். ஓரிரு நாளில் முதுகு நெடுகக் கொப்புளம் எழும்பி, தொட்டாலே அலறும் வலியும் காய்ச்சலும் வரும். அதை வெறும் அரிப்பு என்று நினைத்து மீண்டும் குளிப்பாட்டாமல், உடனே மருத்துவரிடம் கொண்டுசென்று, குளிப்பாட்டிய நாளையும் பயன்படுத்திய ஷாம்புவையும் தெரிவியுங்கள். கலந்த ஷாம்பு எவ்வளவு மீந்தாலும் அன்றே கொட்டிவிடுங்கள்.